முகூர்த்தப் புடவையில் நான் செய்த ஆராய்ச்சி

நான் லேசில் யாரையும் நம்புகிறவள் இல்லை. காஞ்சிபுரத்தில் வளர்ந்தால் அப்படித்தான். பஸ் ஸ்டாண்டில் இறங்கும் வெளியூர்க்காரரைப் பார்த்து ஒருவர் சிரித்தால், அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு பட்டுக்கடையும் கமிஷனும் இருக்கும் என்று இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். இந்த லட்சணத்தில் நான் படிக்கப் போனது ஆட்டக் கோட்பாடு. எதிராளி என்ன நினைக்கிறான், நான் நினைப்பதை அவன் எப்படி ஊகிப்பான் என்று கணக்குப் போடுகிற படிப்பு. (ஏற்கெனவே சந்தேகப் பிராணி. அதற்கு உதவித்தொகையும் கொடுத்தால் என்ன ஆகும்?)

சென்னையில் என் ஆராய்ச்சி, கணினி நிரல்களை ஒன்றோடொன்று பேரம் பேசவிட்டு வேடிக்கை பார்ப்பது. யாரும் சொல்லித்தராமலே அவை ஒரு தந்திரம் கற்றுக்கொண்டன. தனக்கு வேண்டாத பொருளுக்கு உயிரை விடுவதுபோல் நடிப்பது. அப்புறம் பெரிய மனது பண்ணி அதை விட்டுக்கொடுப்பதுபோல் கொடுத்துவிட்டு, உண்மையில் வேண்டியதைத் தட்டிக்கொண்டு போவது. திரையில் அதைப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. அந்தச் சமயத்தில்தான் முகூர்த்தப் புடவை எடுக்க மாப்பிள்ளை வீட்டார் அரக்கோணத்திலிருந்து வருவதாகச் செய்தி வந்தது.

முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டு உரிமை. தேர்ந்தெடுப்பது மாப்பிள்ளையின் அம்மா. பெண் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டலாம். எனக்கோ அரக்கு நிறப் புடவை மேல் பைத்தியம். அரக்கு உடல், மாம்பழ மஞ்சள் கரை. மனதுக்குள் நான் அதைக் கட்டிக்கொண்டு மணவறையில் பலமுறை உட்கார்ந்து எழுந்துவிட்டேன். மாப்பிள்ளை சரவணனிடம் போனில் இதைச் சொன்னேன்.

“அவ்ளோதானே, அம்மாகிட்ட சொல்லிடறேன்.”

“ஐயோ, வேணாம்! சொன்னா உஷாராயிடுவாங்க.”

“உஷாராவறதுக்கு எங்கம்மா இன்னா போலீஸா? அவங்களுக்குக் கிளிப்பச்சைதான் ஆவாது. மத்தபடி எந்தக் கலரும் ஓகேதான்.”

கிளிப்பச்சை ஆகாது! எதிராளியின் பலவீனம் தானாக வந்து மடியில் விழுந்தது. கடையில் நான் கிளிப்பச்சைக்கு உருக வேண்டியது. அத்தை முகம் சுளிப்பார். நான் தியாகம் செய்வேன். மனம் இளகிப்போய் அரக்கைத் தூக்கிக் கொடுப்பார். திட்டத்தில் ஓட்டையே தெரியவில்லை.

காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடை. அத்தை, அவர் மகள் கவிதா, என் அம்மா, நான் என்று பாயில் வரிசையாக உட்கார்ந்தோம். வண்டியை நிறுத்த இடம் தேடிப் போன சரவணன் வந்தபாடில்லை. உட்கார்ந்ததும் அத்தை விற்பனையாளரின் காதில் ஏதோ சொன்னார். அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். கவிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கூட்டுச்சதி, சந்தேகமே இல்லை.

“உனுக்கு இன்னா கலர்மா புடிக்கும்? கூச்சப்படாம சொல்லு” என்றார் அத்தை.

(வாயைப் பிடுங்குகிறாராம். நானா மாட்டுவேன்?)

“உங்க இஷ்டம் அத்தை.”

புடவைகள் விரிந்தன. நடுவில் என் அரக்கும் வந்தது. கடவுளே, என்ன அழகு! அத்தை ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். நான் சட்டென்று தலையைத் திருப்பி மின்விசிறியை ரசித்தேன். அடுத்து வந்தது கிளிப்பச்சை, ரோஸ் கரை. பாய்ந்து அள்ளிக்கொண்டேன்.

“அத்தை, இதைப் பாருங்களேன்! இதை விட்டுக் கண்ணையே எடுக்க முடியல!”

“இன்னாடி ஆச்சு உனுக்கு?” என்று அம்மா தொடையில் கிள்ளினாள். அத்தையின் முகம் விழுந்தது. அபாரம். அடுத்த வசனம், ‘உங்களுக்குப் பிடிக்கலைன்னா வேணாம் அத்தை, அந்த அரக்கே போதும்.’ கொஞ்சம் ஏக்கம் கூடட்டும் என்று ஒரு பெருமூச்சு விட்டேன். அந்தப் பெருமூச்சுதான் என்னைக் கவிழ்த்தது.

“கொழந்த ஆசப்படுது” என்றார் அத்தை. “எனுக்குப் புடிச்சா இன்னா, புடிக்காட்டி இன்னா? கட்டிக்கப் போறது அதுதானே.” கைப்பையிலிருந்து மஞ்சள் பொட்டலத்தை எடுத்தார், ஒரு சிட்டிகை குழைத்தார், கிளிப்பச்சையின் முந்தானை ஓரத்தில் தடவிவிட்டார்.

மஞ்சள் வைத்த முகூர்த்தப் புடவையை மாற்றினால் அபசகுனம். கடையிலும் திரும்ப வாங்க மாட்டார்கள். என் நிரல்கள் ஆயிரம் தந்திரம் கற்றிருந்தன, ஆனால் அவற்றின் உலகத்தில் மஞ்சள் கிடையாது.

“அப்ப, தனியா வெக்கச் சொன்ன இந்த அரக்கு வேணாமாம்மா?” என்று விற்பனையாளர் கேட்டார்.

“பொண்ணுக்கு அரக்குன்னா உசுருன்னு சரவணன் சொன்னான், அதான் வெக்கச் சொன்னேன். அவனுக்கு ஒண்ணும் தெர்ல. கவிதா, நீ எடுத்துக்கடி.”

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “பாவம், சந்தோஷம் தாங்கல” என்று அத்தை என் கண்ணைத் துடைத்துவிட்டார். அவர் அப்படிச் செய்தது இன்னும் மோசமாக இருந்தது. அந்தக் கடையில் கள்ளமில்லாமல் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். அவரைப் போய் நான் சந்தேகப்பட்டிருக்கிறேன். அப்போதுதான் சரவணன் உள்ளே வந்தான். பச்சையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கவிதா கையிலிருந்த அரக்கைப் பார்த்தான்.

கல்யாண ஆல்பத்தில் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் நான் பச்சையாக நிற்கிறேன். என் தோளை ஒட்டி நாத்தனார் கவிதா, தகதகவென்று அரக்கில்.

தலை தீபாவளிக்கு அத்தை ஆசையாக எடுத்து வந்ததும் கிளிப்பச்சை. இனி தாங்காது என்று நிரல், நடிப்பு, பெருமூச்சு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தார்.

“அப்ப நீ புடிச்சத புடிக்கலன்னு சொல்றவ. இப்ப பச்ச புடிக்கலன்ற. அப்பன்னா பச்ச புடிச்சிருக்குதுன்னுதானே அர்த்தம்?”

அன்றிலிருந்து வீட்டில் நான் ‘இன்னும் ரெண்டு இட்லி’ என்றாலும், ‘போதும்’ என்றாலும், “ஆசையா சொல்றியா, ஆராய்ச்சியா சொல்றியா?” என்று யாராவது கேட்காமல் விடுவதில்லை. புதிதாக வருகிற விருந்தாளிக்கு முதலில் காப்பி, அடுத்து இந்தக் கதை.

போன தீபாவளிக்கும் கிளிப்பச்சைதான் வந்தது. “ரொம்ப நல்லா இருக்கு அத்தை” என்றேன். அத்தை என் முகத்தையே பார்த்தார். சிரிப்பை அடக்குவதுபோல் அவர் உதட்டோரம் லேசாகத் துடித்தது. இந்த அம்மா தெரிந்தேதான் எடுக்கிறாரோ என்று எனக்குப் பலத்த சந்தேகம்.