கம்பைலு ஒட்டிவிட்டுப் போன சாப்பாட்டுச் சீட்டு

அன்று திருவொற்றியூரில் என் மெஸ்ஸில் இருந்தவர்கள்: நான், அடுப்படியில் என் மனைவி எஸ்தர், கன்டெய்னர் யார்டு லோடுமேன்கள் முப்பத்திரண்டு பேர், அவர்களைத் தேடி வந்த சூப்பர்வைசர், மூலையில் கம்பைலு.

கம்பைலு அளவுக்கு முன்யோசனை உள்ளவன் இந்த உலகத்திலேயே கிடையாது. மாடியில் குடியிருந்தான். கிராபிக்ஸ் கார்டுக்குப் புரோகிராம் எழுதுகிற வேலை. “ஓடும்போது யோசிக்கக் கூடாது மாஸ்டர், கம்பைல் பண்றப்பவே கணக்கை முட்ச்சிரணும்” என்பான்; அதனாலேயே அவனுக்கு அந்தப் பெயர். புரோகிராம் ஓடுவதற்கு முன்பே விடையைப் போட்டு உள்ளே வைத்துவிடுவதாம். எட்டாவதோடு நின்றவன் நான், தலையாட்டி வைப்பேன். அவனோ தன் ஒரு மாதச் சாப்பாட்டையும் முதல் தேதியே சீட்டில் எழுதி என் சுவரில் ஒட்டிவிடுவான். புதன்தோறும் வஞ்சிரம்.

சூப்பர்வைசர் கத்தினார்: “அரமணி நேரம்தான்யா பிரேக்கு! நாளைக்கும் லேட்டாச்சுன்னா வேற மெஸ்ஸு பாத்துக்கறோம்.”

கேஸை மூடினேனா என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பார்க்கிறவன் நான். முப்பத்திரண்டு சாப்பாடும் போனால் மெஸ்ஸையே மூட வேண்டியதுதான்.

கம்பைலு கை கழுவாமலே எழுந்து வந்தான். “கார்டுலயும் இதே பேஜாருதான் மாஸ்டர். உள்ள கணக்குப் போடுறவங்கோ முப்பத்திரண்டு பேரு ஒண்ணா நடப்பாங்கோ. ஒத்தன் வேற வழில போனா, மத்தவன்லாம் நின்னுகினு இருக்கணும். இங்க ஒத்தன் ஈரல் கேக்குறான், நீ உள்ள ஓடுற, மீதிப் பேரு நிக்கிறான்.”

காலையில் டீ குடிக்க வரும்போதே யாருக்கு என்ன என்று எழுதிக்கொள்ள வேண்டும். மீனுக்கு ஒரு வரிசை, ஈரலுக்கு ஒரு வரிசை. யார்டில் சாப்பாட்டுச் சங்கு ஊதும் முன்பே தட்டு நிரம்பியிருக்க வேண்டும். இதுதான் அவன் திட்டம்.

“ஆறிப்போயிடுமே” என்றாள் எஸ்தர்.

“எல்லாம் ஒரே நேரத்துல ஆறும்க்கா.”

ஒரு லோடுமேன் எழுந்தான். “எனுக்கு ரெண்டும் வோணும். இன்னா பண்ணுவ?”

“நீ கடைசியா துன்னு மாமு.”

மறுநாள் இருபதே நிமிடத்தில் முப்பத்திரண்டு பேரும் கை கழுவிவிட்டார்கள். மெஸ் தப்பித்தது. கம்பைலு மட்டும் வெறும் சோற்றின் முன் உட்கார்ந்திருந்தான். அன்று புதன். மீன்பிடித் தடைக்காலம் என்பதைச் சீட்டு எழுதியபோது மறந்துவிட்டிருக்கிறான். எனக்குக் கட்டுப்படியான விலையில் கிடைத்தது வெறும் மத்திதான்.

“மத்தி துன்னு நைனா.”

“சீட்ல இல்லியே மாஸ்டர்.”

தடைக்காலம் முடிகிறவரை புதன்தோறும் ரசம்தான் அவனுக்கு.

பிறகு பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். கடைசிச் சீட்டு சுவரில் அப்படியே இருக்கிறது. புதன்கிழமைகளில் எஸ்தர் ஒரு துண்டு வஞ்சிரத்தைத் தனியாக எடுத்து மூடிவைக்கிறாள். எவ்வளவு கூட்டம் வந்தாலும் அதை நான் யாருக்கும் போடுவதில்லை. சீட்டில் இருக்கிறதே.