கருத்துக்கு விலாசம் இல்லை

மக்கள் கருத்து மக்களுக்குள் தானாக விளைவதில்லை. அது பாரிஸ் லா சப்பலில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் தயாராகிறது. 'நேத்திரம்' தொலைக்காட்சியின் கருத்துக் கணிப்புப் பிரிவில் பணியாற்றும் பேறு பெற்றவன் என்ற முறையில் இதைப் பதிவு செய்கிறேன். பிரிவு என்பது நானும் ஒரு ஒலிவாங்கியும். மாலை வகுப்பில் எனக்குப் பிரெஞ்சு படிப்பிக்கும் ஜெனவியேவ், முதலில் கண்டதை எழுது, நினைத்ததைப் பிறகு எழுதலாம் என்பார். எழுதுவது ஒழுங்காக வருகிறதா என்று தெரியவில்லை. பிழையிருந்தால் அது என்னுடையது, நிறுவனத்தினுடையது அல்ல.

நகரசபைத் தேர்தலில் உதயன் அண்ணை இந்தப் பகுதியில் ஒரு சிறு பட்டியலுக்குத் தலைமை தாங்கி நின்றார். அவர் பிரெஞ்சு உணவகம் ஒன்றில் கோப்பை கழுவுகிறவர். அதன் முதலாளி ஆரெலி, அவரை அடுப்படிக்கு உயர்த்துவதாகவும் சனிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். அது மாலை வேலை. நகரசபைக் கூட்டங்களும் மாலையில்தான். இரண்டில் ஒன்று.

எங்கள் கணிப்பு முழுக்க விஞ்ஞான முறைப்படி நடந்தது. மெத்ரோ ரயில் நிலைய வாசலில் நின்று, கையில் பை வைத்திருப்பவர்களிடம் மட்டும் கேட்டேன். பை உள்ளவர் குடும்பஸ்தர், குடும்பஸ்தர் பொறுப்பானவர் என்பது எங்கள் இயக்குநர் அரியநாயகம் ஐயாவின் கோட்பாடு. உதயன் அண்ணைக்குத் தொண்ணூற்றாறு வீதம் கிடைத்தது. ரயிலைப் பிடிக்க ஓடியவர்களை 'எதிரணி' என்று வகைப்படுத்தினோம்.

தேர்தலுக்கு முதல் நாள் சனிக்கிழமை உதயன் அண்ணையின் மனைவி நிருபா அக்கா அங்கே வந்தார். உதயனின் வெற்றி சரித்திரம் என்று ஒலிவாங்கியில் முழங்கி முடித்த ஒருவரை மறித்தார்.

"அண்ணை எங்கை இருக்கிறனீங்கள்?"

"கார்ஜிலை, பிள்ளை."

"அப்ப இஞ்சை உங்களுக்கு வோட்டு இல்லையே."

"எனக்கு ஒரு இடத்திலையும் இல்லை. பிரஜாவுரிமை இல்லை, விசா அட்டைதான் இருக்கு. முருங்கைக்காய் வாங்க வந்தனான்."

அடுத்தவர் திரான்சி. அதற்கடுத்தவர் வில்லியே லே பெல். எல்லாம் பாரிஸுக்கு வெளியே உள்ள ஊர்கள். நான் கலங்கிப்போய் மாடியேறி ஐயாவிடம் சொன்னேன். அவர் சற்றும் அசையவில்லை.

"கருத்துக்கு விலாசம் இல்லை, தம்பி."

இதை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆழமான வசனம் என்றே படுகிறது.

அப்போது உதயன் அண்ணை 'வெற்றியாளருடன் ஒரு மணிநேரம்' நிகழ்ச்சிக்காக முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார். என் பின்னாலேயே வந்த நிருபா அக்கா, வாசலில் கேட்டதை எல்லாம் அவரிடம் சொன்னார்.

"இப்பவே ஆரெலிக்கு ஓம் எண்டு சொல்லுங்கோ."

அண்ணை திரையைக் காட்டினார். அவருடைய படத்தின் கீழே தொண்ணூற்றாறு ஓடிக்கொண்டிருந்தது.

"ரீவி பொய் சொல்லுமே, நிருபா?"

அங்கேயே தொலைபேசி எடுத்து ஆரெலிக்கு மாட்டேன் என்றார். 'பதவியைத் துறந்த தலைவர்' என்று அதை நேரலையாகக் கொடுத்தோம். எனக்குக் கண் கலங்கியது.

ஞாயிறு இரவு முடிவு வந்தது. பட்டியலுக்கு ஒரு வீதம்கூட விழவில்லை. அடுப்படிக்கு ஆரெலி வேறொருவரை எடுத்துவிட்டார். அண்ணை பழையபடி கோப்பையோடு நின்றார்.

சிறிய நிறுவனம் என்றால் வெட்கப்பட்டிருக்கும். நாங்கள் உடனே அடுத்த கணிப்பை அறிவித்தோம்: 'தோல்விக்கு யார் பொறுப்பு?' அதே வாசலில், அதே பைக்காரர்கள் ஒருமுகமாக, நன்றிகெட்ட மக்கள்தான் என்றார்கள். நடுநிலை கருதி நிருபா அக்காவிடமும் கேட்டோம். அவர் கமராவுக்கு நேரே விரல் நீட்டினார்.

"நீங்கள்தான். உங்கடை ரீவிதான். அந்த மனிசன்ரை வேலையைத் திண்டிட்டு இப்ப என்னட்டைக் கணக்கெடுக்க வந்து நிக்கிறியள்."

ஐயா அந்தக் காட்சியை இரண்டு தரம் பார்த்து, அருமை என்றார். ஒரு நொடிகூட வெட்டாமல் ஒளிபரப்பினோம். ஒலிக்குப் பதிலாகப் புடவைக்கடை விளம்பரப் பாட்டு போனது. வீடுகளில் பார்த்துக்கொண்டிருந்தவர்களை நோக்கி அக்காவின் விரல் நீண்டிருக்க, கீழே எழுத்து ஓடியது: 'மக்களே, நீங்கள்தான் காரணம்! உதயனின் மனைவி குமுறல்.'

நிறையப் பேர் தொலைபேசி எடுத்து மன்னிப்புக் கேட்டார்கள். ஐயா பெருந்தன்மையோடு எல்லோரையும் மன்னித்தார்.