நீல மூடிக்குள் நான் ஊற்றிய உரம்

பள்ளிக்கூடத்துப் படிப்பை நடைமுறையில் காட்டத் துடிப்பவன் வீட்டு வாசலில் யாரும் பஸ்ஸை நிறுத்தக் கூடாது. இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு.

என் மனைவியின் அண்ணன் சிவா மலேசியாவின் பத்து காஜா ஊரில் சொந்தமாக பஸ் ஓட்டுகிறார். அவர் தம்பி குமாரின் கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு, பஸ்ஸின் நீல மூடித் தொட்டியில் ஊற்றும் திரவம் தீரப்போகிறது, ஈப்போ போய் வாங்கவேண்டும் என்று புலம்பினார். டீசல் புகையின் நச்சைக் குறைக்கும் திரவம் அது. காலி டின்னை எடுத்துப் படித்தேன். யூரியா, தண்ணீர். அவ்வளவுதான்! (வேதியியலில் தட்டுத்தடுமாறி பாஸானவன் சும்மா இருப்பானா?)

"மச்சான், செம்பனைக்குப் போடுற யூரியா வீட்ல ஒரு மூட்ட கெடக்கு. நான் கலக்கி ஊத்துறேன். கவலப்படாதீங்கலா!"

குழாய்த் தண்ணீரில் கரைத்து, என் வேட்டியில் வடிகட்டினேன். பளிங்கு போல இருந்தது; ஊற்றிவிட்டேன். மறுநாள் பஸ்ஸில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. "புதுசா ஊத்துனதுலா, பழகிரும்" என்று சமாளித்தேன்.

கல்யாணத்தன்று காலை மாப்பிள்ளையும் நாற்பது சொந்தக்காரர்களும் ஏறி, சித்தியவானில் இருக்கும் கோவிலுக்குக் கிளம்பினோம். ஒன்பதரைக்குள் தாலி கட்டியாக வேண்டும். பாதி வழியில் பஸ் ஊர ஆரம்பித்தது. சிவா எவ்வளவு மிதித்தும் பயனில்லை. சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் எங்களை முந்திப்போய், திரும்பிப் பார்த்துக் கையும் ஆட்டினார்.

விருந்தாளியாக வந்திருந்த மெக்கானிக் தேவா இறங்கி நீல மூடியைத் திறந்தார். ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது.

"இதுல யாரு அண்ணே பாஜா உரம் ஊத்துனது?"

அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின.

"செடிக்குப் போடுற உரத்துல என்னென்னமோ கலந்திருக்கும். குழாத் தண்ணியில சுண்ணாம்பு. இதுக்கு சுத்தமான யூரியாவும் உப்பே இல்லாத தண்ணியும் வேணும்லா. இல்லாட்டி தெளிக்கிற துளை அடைச்சிக்கும். அதான் கம்ப்யூட்டர் பஸ்ஸ ஓடவிடல."

"நான் வடிகட்டினேனே" என்றேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

ஆறு வருடம் காத்திருந்து பெண் வீட்டாரைச் சம்மதிக்க வைத்த குமார், பட்டு வேட்டியோடு என் முன்னால் வந்து நின்றான்.

"அத்தான், இன்னிக்கு எனக்கு கல்யாணம் நடக்குமா, நடக்காதா?"

நடுரோட்டுக்கு ஓடி, பின்னால் வந்த காலி மீன் லாரியைக் கும்பிட்டு நிறுத்தினேன். குமார் முன்சீட்டில். தாலித் தட்டோடு நான் பின்னால், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில். ஒன்பது இருபதுக்குக் கோவில் வந்துவிட்டது. கெட்டிமேளம் கேட்டபோது நான் அழுதேன். பெண்ணின் அம்மா மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைவிட்டு இரண்டடி தள்ளி நின்றார்.

இன்றைக்கும் எந்த விசேஷத்திலாவது சிராப் சர்பத் கலக்கும் வாளிப் பக்கம் நான் போனால் போதும், குமார் ஓடி வந்துவிடுவான்.

"அத்தான், நீங்க உக்காருங்க. ஒங்களுக்கு பச்சத்தண்ணி போதும். அதையும் வேற ஆளு ஊத்தட்டும்."