பிரகாசைப் பார்த்து நான் கட்டிய வீடு

செவ்வாப்பேட்டையில் பெரியப்பா மகன் பிரகாசு கட்டிய புது வீட்டில் பாயசம் குடித்துக்கொண்டிருந்தேன். அத்தை பக்கத்தில் வந்து, "பாருடா முரளி, அவனுக்கும் உன் வயசுதான்" என்றாள். முந்திரி தொண்டையில் சிக்கியது. நானும் வீடு கட்டுவது என்று அந்த நொடியில் முடிவானது. (முழு முந்திரி வேறு போட்டிருந்தான்.)

நான் கும்மிடிப்பூண்டி கம்பெனி ஒன்றில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். இரும்புக் கம்பியில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். ஏரியைத்தான் கண்டுபிடிக்க முடியவில்லை.

சித்திரை வெயிலில் புரோக்கர் காட்டிய மனை பிரகாசு மனையைவிடப் பெரியது. எதிரே ஒரே ஒரு பழைய வீடு, மற்றபடி பொட்டல். மற்றவர்களுக்கு இந்த இடத்தின் அருமை தெரியவில்லை என்று பூரித்துப்போனேன். நெல் போடுகிற அப்பா மட்டும், "மழைல ஒருவாட்டி பாத்துட்டு வாங்கலாம்டா" என்றார்.

"அதுக்குள்ள அவன் மாடி எடுத்துடுவான் நைனா."

எதிர் வீட்டுச் சுவரில் இடுப்பளவு உயரத்தில் பழுப்பாக ஒரு பட்டை ஓடியது. நூல் பிடித்தது போல நேராக இருந்தது. பிரகாசு வீட்டில் இப்படி ஒன்று இல்லை. எருமையைக் கழுவிக்கொண்டிருந்த அந்த வீட்டு அக்காவிடம் கேட்டேன்.

"அக்கா, இந்த பார்டர் யாரு அடிச்சது?"

"ஏரிதான். மழைக்கு மழை வந்து அடிச்சிட்டுப் போவும். இங்கயா ஊடு கட்டப் போற நீ?"

பெயிண்டர் நம்பரைத் தர மனசில்லாமல் கிண்டல் செய்கிறாள், எல்லாம் வயிற்றெரிச்சல் என்று நினைத்தேன். (உலகத்தில் எல்லோருக்கும் என் புத்திதான் என்பது என் நம்பிக்கை.) என் வீட்டிலும் அதே உயரத்தில், அதே நிறத்தில் பட்டை அடிக்கவைத்தேன்.

கிரகப்பிரவேசத்துக்கு வந்த பிரகாசு, "நல்லா கீதுடா" என்றான். அவன் முகத்தில் பொறாமையைத் தேடினேன். மருந்துக்கும் இல்லை. அன்று இரவுச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

ஐப்பசியில் ஏரி வந்தது. (வந்தது என்பது தப்பு. அது அதன் இடத்தில்தான் இருந்தது, நாங்கள்தான் உள்ளே போய் உட்கார்ந்திருந்தோம்.) தண்ணீர் ஏறி ஏறி, நான் அடித்த பட்டையைச் சரியாகத் தொட்டு நின்றது. புது பிரிட்ஜ் படுத்தவாக்கில் ஹாலைச் சுற்றி வந்தது. எதிர் வீட்டு அக்கா முந்தின நாளே எருமையோடு தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். எங்களை டிராக்டரில் ஏற்றிக் கரைசேர்த்தார்கள்.

போக்கிடம் பிரகாசு வீடுதான்.

"உள்ள வாடா. மாடி ரூம் காலியாத்தான் கீது."

மாடியும் எடுத்துவிட்டிருந்தான். அவன் கைலியைக் கட்டிக்கொண்டு, அவன் ஜன்னலில் நின்று, அவன் தெருவில் மழைத்தண்ணீர் எவ்வளவு மரியாதையாகக் கால்வாய்க்குப் போகிறது என்று பார்த்துப் பார்த்து வெந்தேன்.

இப்போது எங்கள் குடும்பத்தில் யார் மனை பார்த்தாலும் முதல் கேள்வி, "முரளிக்குப் புடிச்சிச்சா?" என்பதுதான். பிடித்தது என்றால் அந்த மனையை விட்டுவிடுகிறார்கள்.

அடுத்து திருவள்ளூர் பக்கம் ஓர் இடம் பார்க்கப் போகிறேன். வெயில் அடிக்கட்டும் சார் என்கிறார் புரோக்கர். அடைமழை பிடித்த மூன்றாம் நாள்தான் வருவேன் என்று சொல்லிவிட்டேன். "நானும் வரேன்டா, ரெண்டு பேரா பாத்தா நல்லது" என்றான் பிரகாசு.

வேண்டாம் என்றேன். இடம் நன்றாக இருந்து, அவனுக்கும் பிடித்துவிட்டால்?