மேலாளர் சாப்பிடக் கூப்பிட்டார்

"சார், நீங்க மோந்து பாக்கிறது தண்ணி," என்றாள் ஒயின் ஊற்றும் பெண். "ஒயின் இனிமேதான் வரும்."

எழுத்தர் தண்ணீர்க் கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார். எதிரே உட்கார்ந்திருந்த மேலாளர் பார்க்காத மாதிரி இருந்தார். அது இன்னும் மோசம்.

லிஃப்ட் கம்பெனியின் புகார்ப் பிரிவில் எழுத்தருக்கு வேலை. போன மாதம் இதே மேலாளர் தட்டச்சரைச் சாப்பிட அழைத்துப் போனார். மறுநாள் தட்டச்சரின் நாற்காலி காலி. இன்று பதினொரு மணிக்கு எழுத்தரின் மேசைக்கு வந்து, "சாயங்காலம் ஃப்ரீயா? இத்தாலிச் சாப்பாடு," என்று மேலாளர் கேட்டபோதே, அடுத்தது தன் நாற்காலிதான் என்று எழுத்தர் முடிவு கட்டிவிட்டார்.

"சாப்பிட மட்டும் வாயத் திறங்க," என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள்.

செடி விற்கும் தோட்டத்தின் கண்ணாடிக் கூடத்தில், ஒரே ஒரு சாயங்காலத்துக்காக முளைத்த உணவகம் அது. தொட்டிகளை ஓரம் தள்ளி நீள மேசை போட்டிருந்தார்கள். கோடை வெயில் ஏழு மணிக்கும் இறங்கவில்லை. ஐந்து பதார்த்தம், ஒவ்வொன்றுக்கும் பொருத்தமாக ஒரு ஒயின். எழுத்தர் இருமல் மருந்தைத் தாண்டி எதையும் குடித்தறியாதவர். வேண்டாமென்றால் அதையே காரணமாக்கிவிடுவாரோ என்று பயந்து, முதல் கிளாஸை மருந்து மாதிரியே ஒரே மடக்கில் விழுங்கினார்.

"இந்த இடம் நாளைக்கு இருக்காது, தெரியுமா?" மேலாளர் தக்காளியும் சீஸும் இருந்த தட்டைப் பார்த்தபடி சொன்னார். "காலையில பிரிச்சு எடுத்துட்டுப் போயிடுவாங்க. எல்லாத்துக்கும் ஒரு முடிவு இருக்குல்ல?"

எழுத்தர் கையிலெடுத்த தக்காளியைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார்.

"இருபத்திரண்டு வருஷம்," என்று பெருமூச்சு விட்டார் மேலாளர்.

"பத்தொம்பதுதான் சார்."

தன் சர்வீஸ்கூட இந்த மனுஷனுக்குச் சரியாகத் தெரியவில்லையே என்று எழுத்தருக்குத் துக்கம் பொங்கியது. பாஸ்தா வந்ததும், தன் அருமையைப் புரியவைத்துவிடுவது என்று முடிவு செய்தார்.

"அந்தப் பழைய ரிஜிஸ்டர் இருக்கே சார், என்னைத் தவிர யாருக்கும் தலையும் புரியாது, வாலும் புரியாது."

"நாம இல்லாட்டி ஆபீஸே நின்னுடும்னுதான் எல்லாரும் நினைக்கிறோம். ஒண்ணும் நிக்காது."

மூன்றாவது கிளாஸ், மீனோடு வந்தது. உண்மையைச் சொன்னால் மேலாளர் திட்டுவார், திட்டினால் காலில் விழலாம் என்று தோன்றியது.

"சார், நாப்பத்தொரு புகார்க் கடிதத்த நான் பிரிக்கவே இல்ல. கீழ் டிராயர்ல பூட்டி வெச்சிருக்கேன்."

மேலாளர் கையை மட்டும் அசைத்தார். "விடுங்க. இனிமே அதத் தெரிஞ்சு என்ன ஆகப்போவுது?"

இனிமே! எழுத்தருக்கு மகளின் கல்லூரியும், 'நான் அன்னிக்கே சொன்னேன்' என்று தலையாட்டும் மாமனாரும் கண்முன் வந்து போனார்கள்.

நான்காவது கிளாஸ் முடிந்தபோது மேலாளரின் கண் கலங்கியிருந்தது. "உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னுதான்..."

"நீங்க சொல்லவே வேணாம் சார்!"

எழுத்தர் எழுந்தார், கண்ணாடிக் கூடமும் கூடவே எழுந்து ஆடியது. துரத்தப்படுவதைவிடத் தானாகப் போவது மரியாதை. மெனு அட்டையைத் திருப்பி, 'சொந்தக் காரணங்களால் வேலையிலிருந்து விலகுகிறேன்' என்று எழுதி நீட்டினார்.

மேலாளர் இரண்டு முறை படித்தார். "கொடுத்து வெச்சவர் நீங்க. கௌரவமா நீங்களே எழுதிட்டீங்க," என்றார். அவர் கை தானாகவே கீழே கையெழுத்தும் தேதியும் போட்டது.

எழுத்தர் பூந்தொட்டிகளுக்குப் பின்னால் ஒதுங்கி மனைவிக்குப் போன் செய்தார். "எல்லாம் முடிஞ்சுதும்மா."

"அனுப்பிட்டாரா?"

"இல்ல, நானே எழுதிக் குடுத்துட்டேன்."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்தது. "கையெழுத்து போட்டுட்டாரா?"

"தேதியோட."

"நீங்களா விலகினா நஷ்டஈடுகூட கிடைக்காது. அந்த அட்டைய எப்படியாவது இல்லாம பண்ணுங்க. இல்லேன்னா வீட்டுப் பக்கம் வராதீங்க!"

திரும்பி வந்தபோது மேலாளர் கைக்குட்டை தேடிக்கொண்டிருந்தார். அட்டை அவர் தட்டோரம் கிடந்தது. எழுத்தர் அதை வெடுக்கென்று எடுத்தார். ஒளிக்க இடமில்லை. கிழித்து வாயில் போட்டார். தடித்த அட்டை, வழுவழுப்பானது. ஐந்தாவது கிளாஸைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி மென்றார். கண்ணில் நீர் கொட்டியது.

"அழாதீங்க," என்றார் மேலாளர், தானும் அழுதபடி.

பக்கத்தில் இருந்தவர்கள் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

அப்போதுதான் மேலாளரை வீட்டுக்கு அழைத்துப் போக அவர் மனைவி கார்ச் சாவியோடு உள்ளே வந்தாள். கன்னம் உப்பியிருந்த எழுத்தரையும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த கணவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கணவரின் தோளைத் தட்டினாள்.

"ஏங்க, காலையிலயே உங்க மேனேஜர் வேலை போயிடுச்சுன்னு இவர்கிட்ட இன்னுமா சொல்லல?"