உறைக்குள் இருந்த பத்து நாள்

குன்னத்துகால்,
12-7-1954

கர்த்தருக்குள் பிரியமுள்ள மைத்துனர் ராஜதாஸ் அவர்களுக்கு, அத்தான் பொன்னுதாஸ் ஸ்தோத்திரத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மாடும் சுகம். உங்கள் அக்காள் புஷ்பபாயைப் பற்றி அதே வார்த்தையை எழுத முடியாததால்தான் இந்தக் கடிதம். மதுரையில் நீங்களும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

அக்காளின் வலது கன்னத்துக்குள் வந்த புண், வெற்றிலைச் சுண்ணாம்பு பட்டுப் பொள்ளியது என்றே மூன்று மாதம் நம்பினோம். மிஷன் ஆஸ்பத்திரியில் சதையைக் கிள்ளிப் பார்த்துவிட்டுப் புற்று என்று சொல்லிவிட்டார்கள். நான் அதைத் தாங்கிக்கொண்டேன், அதாவது வெளியே போய்க் கிணற்றடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு முகம் கழுவித் திரும்பி வந்தேன். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அவள் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். முப்பது வருடம் பத்திர ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து, ஊர் முழுக்க எங்கே கையெழுத்துப் போடலாம், எங்கே போடக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தவன் நான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காகிதத்தில் இருந்தது இதுதான். ரேடியம் அடைத்த ஊசிகளைக் கன்னத்துச் சதைக்குள்ளேயே செருகி வைத்து, அதன் கதிர் புண்ணை உள்ளிருந்தே கருக்கும்படி விட்டுவிடுவார்களாம். பழைய முறையில் ஏழு நாள். புது முறையில் வீரியம் குறைந்த ஊசி, பத்து நாள். எது நல்லது என்று கண்டுபிடிக்க, சம்மதிக்கிற நோயாளிகளை இரண்டு பக்கமாகப் பிரித்து வருடக்கணக்கில் பார்க்கிறார்கள். யார் எந்தப் பக்கம் என்பதை டாக்டரும் தீர்மானிப்பதில்லை, நோயாளியும் தீர்மானிப்பதில்லை. எங்கோ ஒரு பட்டணத்தில் ஒட்டி அனுப்பிய உறைக்குள் அது இருக்கிறது. சபைக் கமிட்டியில் பாய் வாங்குவதற்குக்கூட நாங்கள் மூன்று கூட்டம் போடுகிறோம் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

நான் டாக்டர் தங்கபாயிடம் நேரே கேட்டேன். "ரெண்டில எது நல்லதோ அதை வையுங்க. உறை எதுக்கு?"

"எது நல்லதுன்னு எனக்குத் தெரியாது ஐயா," என்றார். "தெரிஞ்சா இந்தப் பாடு எதுக்கு?"

ஐம்பத்தெட்டு வயதில் ஒரு டாக்டர் வாயிலிருந்து இந்த வார்த்தையை முதன்முதலாகக் கேட்கிறேன். நம் ஊர் வைத்தியர், ஆளைப் பெட்டியில் வைத்த பிறகும் இப்படிச் சொன்னதில்லை. அக்காளைத் தனியே கூப்பிட்டு, தெரியாது என்கிறவர் கையில் கன்னத்தைக் கொடுக்கிறாயா என்றேன். "அதனாலயாக்கும் நான் ஒப்பு போட்டது," என்றாள். "மத்தவனெல்லாம் தெரியும் தெரியும்னு மூணு மாசம் எண்ணெய் தடவினான். இவங்க உள்ளத சொல்லுதாங்க. எனக்க வாயாக்கும். நாளைக்கு இன்னொருத்திக்கு உபகாரம் உண்டும்னா இருக்கட்டும்." எனக்க வாயாம். முப்பத்து நாலு வருடம் அந்த வாயிலிருந்து வந்ததையெல்லாம் கேட்டவன் நான்.

பிறகு ஒரு ஏத்தன் வாழைக்குலையைச் சுமந்துகொண்டு போய், அவளை எப்படியாவது ஏழு நாள் பக்கத்தில் சேர்க்கும்படி டாக்டரிடம் கேட்டுப் பார்த்தேன். குலை வார்டுக்குப் போயிற்று. உறை பீரோவிலேயே இருந்தது. ஆகவே முறைப்படி ஒரு மறுப்பு மனு எழுதினேன். மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டால், பஸ் இல்லை. நம் தாலுகாக்களை மலையாள ராஜ்யத்திலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று இங்கே மறியல் நடப்பது மதுரைப் பத்திரிகையிலும் வந்திருக்கும். நடந்தேன். பாறசாலை தாண்டியதும் போலீஸ்காரர்கள் வழிமறித்து என் பையைச் சோதித்தார்கள், மனு கிடைத்தது. அதில் நான் எழுதியிருந்த முதல் வரி, "எங்களை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதை, எங்கள் சம்மதமின்றி எங்கோ இருப்பவர்கள் முடிவு செய்வதை வன்மையாக எதிர்க்கிறோம்." ஏட்டு கிருஷ்ணன்குட்டி என்று ஒருவர், நம் தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிறவர், அதை இரண்டு தடவை வாசித்தார்.

"நீங்க ஏது பக்கம்?" என்றார்.

"ஏழு நாள் பக்கம்," என்றேன்.

"ஏழு நாளோ? ஏழு நாள் கழிஞ்ஞா எந்து செய்யும்?"

"ஏழு நாளில முடிஞ்சா சமாதானம். பத்து நாள்னா அவ தாங்க மாட்டா."

"அவளோ? ஏது அவ? தலைவி உண்டோ?"

மத்தியானம் வரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். கூட இருந்த தொண்டர்கள் என்னைப் பெரிய தியாகி என்று நினைத்து முறுக்கு கொடுத்தார்கள். கடைசியில் ஆஸ்பத்திரிச் சீட்டு என் சட்டைப்பையில் இருப்பது எனக்கே ஞாபகம் வந்து, எடுத்துக் காட்டினேன். ஏட்டு அதை வாசித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். "எனக்க அம்மைக்கும் வாயிலாக்கும் வந்நது," என்றார். கிழக்கே போன ஒரு லாரியை நிறுத்தி, டிரைவர் பக்கத்தில் என்னை உட்கார வைத்து அனுப்பினார்.

நான் போய்ச் சேர்வதற்குள் உறையைப் பிரித்தாயிற்று. பத்து நாள். மயக்கம் கொடுத்து ஊசிகளைச் செருகி, அவற்றின் நூல்களை வாயோரத்தில் கொண்டுவந்து ஒட்டியிருந்தார்கள். கட்டிலுக்கு முன்னால் ஈயத் தட்டி, அதற்கும் முன்னால் தரையில் சுண்ணாம்புக் கோடு. அவளிடமிருந்தும் கதிர் வருமாம், நான் கோட்டைத் தாண்டக் கூடாதாம். கையைக்கூடத் தொட முடியாமல், கோர்ட்டுச் சாட்சி போல நின்றேன். பேச முடியாததால் சிலேட்டில் எழுதிக் காட்டினாள்: "எங்க போனிய?" போலீசில் இருந்த கதையைச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்து, ஊசி வலித்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நர்ஸ் சுகிர்தபாய் ஓடிவந்து, "சிரிக்க வைக்கதா இருந்தா நீங்க இனி வர வேண்டாம்," என்று என்னை வெளியே தள்ளினாள்.

இன்று ஆறாம் நாள். அவள் கஞ்சித் தண்ணீரை மட்டும் குழாய் வைத்து உறிஞ்சுகிறாள், ராத்திரி தூங்குவதில்லை என்று நர்ஸ் சொல்கிறாள். விரும்பினால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று அந்தக் காகிதத்திலேயே எழுதியிருக்கிறது. நான் சொன்னால் கேட்க மாட்டாள். இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி நீங்கள் சொன்னால் கேட்பாள். "இந்தப் பரீட்சை போதும், ஊசியை எடுக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போ" என்று கண்டிப்பாக ஒரு கடிதம் அவள் பேருக்கு உடனே எழுதவும். நான் எழுதச் சொன்னதாக எழுத வேண்டாம்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். கர்த்தர் உங்கள் வாசலைக் காப்பாராக.

இப்படிக்கு,
அன்புள்ள அத்தான்
பொன்னுதாஸ்

பி.கு. (16-7-1954): மறியலால் தபால் வண்டி வராமல் இந்தக் கடிதம் நாலு நாளாக என் பையிலேயே கிடந்தது. இன்று ஊசிகளை எடுத்து, இரண்டு தடவை எண்ணிப் பூட்டினார்கள். கன்னம் வீங்கியிருக்கிறது, ஆனால் பேச வருகிறது. முதலில் கேட்டது மாட்டைப் பற்றி. அடுத்த கட்டில் ரத்னபாயின் கணவர் சத்தியராஜ், மனைவி தன்னைக் கேளாமல் கையெழுத்துப் போட்டாள் என்று கூச்சல் போட்டார். அவரை வராந்தாவில் உட்கார வைத்து ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் விளக்கி, அது அவளுடைய கையெழுத்து, உம்முடையது அல்ல என்று சொல்லி ஆளை அடக்கினேன். பிறகு டாக்டர் ஒரு பெரிய புஸ்தகத்தைத் திறந்து அக்காள் பேரை எழுதினார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீதம் ஐந்து வருடத்துக்கு இருபது கட்டம் போட்டிருந்தது. குணமாகுமா என்றதற்கு, இப்போது சொல்ல முடியாது என்றார். ஆனாலும் இருபது கட்டம். நான் அதை எண்ணிப் பார்த்தேன். விலாசத்தில் எந்த மாகாணம் என்று போட என்று கேட்டார். அது டெல்லியில் முடிவாக வேண்டிய விஷயம், அந்த இடத்தை விட்டுவிடுங்கள், இருபது தடவையும் நானே கூட்டிக்கொண்டு வருவேன் என்றேன். நீங்கள் அவளுக்கு ஒன்றும் எழுத வேண்டாம்.