நாலு மூலையும் ராஜவேலுக்கு

இந்த முறை மனைவியைத் தோற்கடித்தே தீருவது என்று ராஜவேல் சபதம் எடுத்தபோது அவர் வாய் நிறையப் பற்பசை நுரை இருந்தது. சபதம் கொஞ்சம் வழிந்தது. உறுதி வழியவில்லை.

ஆட்டத்தின் பெயர் கோ. கப்பலில் என்ஜின் அறையில் வேலை பார்த்த காலத்தில் ஒரு கொரியாக்காரர் கற்றுக்கொடுத்தது. கட்டம் போட்ட பலகையில் ஒருவர் கறுப்பு, ஒருவர் வெள்ளை என்று மாறி மாறிக் காய் வைத்து இடம் வளைக்க வேண்டும். அதிகம் வளைத்தவருக்கு ஜெயம். ஓய்வு பெற்று அந்தமானில் கராச்சர்மாவில் வீடு கட்டியதும், மிஞ்சிய படாக் மரப் பலகையில் ராஜவேல் கோடு கிழித்தார். கறுப்புக்குப் புளியங்கொட்டை, வெள்ளைக்கு மொச்சை. ஆடத்தான் ஆள் இல்லை. வேறு வழியில்லாமல் பானுமதிக்குக் கற்றுக்கொடுத்தார். கொஞ்ச நாளிலேயே அவள் அடுப்புக்கும் பலகைக்கும் நடந்துகொண்டே அவரை ஜெயித்தாள். குழம்பும் அடிபிடிக்கவில்லை.

இப்போது வந்திருப்பது மானப் பிரச்சினை. பானுமதியின் அண்ணன் சிவப்பிரகாசம் விழுப்புரத்தில் புது வீடு கட்டி, வந்து தங்கச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். இவர்கள் மகள் கல்யாணத்தில் அந்த மனிதர், "மாப்பிள்ளை, உங்களை என்ன குத்தத்துக்கு அந்தமானுக்கு அனுப்பினாங்க?" என்று கேட்க, மண்டபமே சிரித்தது. சிரித்தவர்கள் பெயர் ராஜவேலுக்கு இன்றும் மனப்பாடம். அன்றோடு பேச்சு முறிந்தது. பானுமதியும் அண்ணனைப் பார்த்து வருஷக்கணக்காகிறது.

"வருவீங்களா, மாட்டீங்களா?"

"அந்த ஆள் வாசப்படியை மிதிக்க மாட்டேன்."

"ஒரு ஆட்டம் போடுவோம். நான் ஜெயிச்சா ரெண்டு பேரும் மெயின்லேண்ட் போறோம்."

"நான் ஜெயிச்சா?"

"அண்ணன் வாசப்படிக்கு உங்களைக் கூப்பிடவே மாட்டேன். இந்த ஜென்மத்துக்கும்."

"பக்கா?"

"பக்கா. ஞாயித்துக்கிழமை."

மகள் விட்டுப்போன லேப்டாப்பில் கோ ஆடும் புரோகிராம் ஒன்று இருந்தது. எங்கே வைத்தால் நல்லது என்று நீலப் புள்ளி காட்டும். ராஜவேலுக்கு இங்கிலீஷ் தெரியாது, நீலம் தெரியும். தொடக்க ஆட்டத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். 'ஆரம்பத்திலேயே எதிராளி மூலைக்குள் நுழையாதே' என்று கொரியாக்காரர் தலையில் அடித்துச் சொல்லியிருந்தார். கம்ப்யூட்டரோ, இலை போடுமுன் பாயசம் கேட்கிறவன் மாதிரி எடுத்த எடுப்பில் மூலைக்குள் நுழைந்தது. இத்தனை வருஷம் தன்னை ஏமாற்றியதற்காகக் கொரியாக்காரர்மேலும் ராஜவேலுக்கு வன்மம் பிறந்தது.

குளிப்பதை ஒத்திப்போட்டார். மீன் வாங்கப் போகவில்லை. மழையில் கொடித்துணி நனைந்தது, அவர் அசையவில்லை. சாப்பாட்டு வேளையில்தான் வாய் திறந்தார்.

"மூலைக்குள்ள நுழைஞ்சிடணும் பானு. இப்ப உலகம் பூரா அதுதான்."

"மூலையைப் பறிகொடுத்தவன்?"

"அவன் அழக்கூடாதாம். கொடுத்துட்டு, வெளிப்பக்கமா வளைச்சுக்கணுமாம். அதுவும் நஷ்டமில்லைன்னு காட்டுது."

"அப்படியா?"

"உனக்கு அதெல்லாம் பிடிபடாது. ரசத்தை ஊத்து."

ஊற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை ராஜவேல் குளித்து, விபூதி பூசிப் பலகைமுன் உட்கார்ந்தார். பானுமதி மூலையில் மொச்சை வைத்தாள். அவர் புளியங்கொட்டையோடு உள்ளே பாய்ந்தார்.

"மூலை வேணுமா? எடுத்துக்கோங்க."

அடுத்த மூலைக்கும் பாய்ந்தார்.

"அதுவுமா? வச்சுக்கோங்க. ஆம்பளை ஆசைப்பட்டுட்டீங்க."

நாலு மூலையும் ராஜவேலுக்கு. கடைசியில் எண்ணிப் பார்த்தால், மயிரிழையில் ஜெயமும் அவருக்கே! துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார்.

"போலோ, ஜெயிச்சது யாரு?"

"நீங்கதாங்க." பானுமதி முகம் வாடவில்லை. முன்னறைக் கட்டிலில் புது விரிப்பை விரித்தாள்.

"இது யாருக்கு?"

"அண்ணனுக்கு."

"எந்த அண்ணன்?"

"எனக்கென்ன ஏழெட்டு அண்ணனா? நீங்க அங்க வரலைன்னா அவங்க இங்க வர்றாங்க. அண்ணி, பிள்ளைங்க, அண்ணியோட அம்மா. மத்தியானம் ஃபிளைட் இறங்குது."

"அரே! யாரைக் கேட்டு?"

"உங்களைத்தான். கேட்டதுக்கு, அந்தப் பொட்டிக்குள்ள தலையை விட்டுக்கிட்டே 'டீக் ஹை, டீக் ஹை'ன்னு சம்மதிச்சீங்க. ரெண்டு தடவை."

"பந்தயம் போட்டோமே!"

"அவர் வாசப்படியை நீங்க மிதிக்க வேண்டாம்னுதானே? மிதிக்காதீங்க. நான் ஜெயிச்சிருந்தா அவங்க திரும்பறப்ப நாமளும் கூடவே போயிருக்கலாம். போகட்டும். வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கிட்டு ஏர்போர்ட் கிளம்புங்க."

ராஜவேல் மெல்ல உட்கார்ந்தார். குரல் மட்டும் இன்னும் கொஞ்சம் உறுதியாக இருந்தது.

"திரும்ப எப்ப?"

"பிள்ளைங்களுக்குக் கப்பல்ல போகணும்னு ஆசையாம். சென்னைக் கப்பல் வந்ததும் அதுலயே போயிடுவாங்க."

"அது ரிப்பேருக்குப் போயிருக்கே! எப்ப வரும்னு அந்தக் கடவுளுக்கே தெரியாது!"

"ரிப்பேர்னு தெரியுங்க," என்றாள் பானுமதி, தலையணை உறையை மாட்டிக்கொண்டே. "விசாரிச்சுட்டுத்தான் அண்ணன்கிட்ட சொன்னேன்."